பாட்டன் கதையைப் புத்தகமாக்குவது எப்படி?

ஒவ்வொரு குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் ஒரு மாமா இருப்பார். 'நம் முன்னோர் சோழர் படையில் தளபதிகள்' என்று பொங்கலுக்குப் பொங்கல் ஒரு செய்தி போடுவார். ஆதாரம் கேட்டால் குழுவை விட்டு வெளியேறிவிடுவார். சரித்திர நாவல் எழுதும் ஆசை உங்களுக்கு இருந்தால், அந்தத் தளபதியை மரியாதையோடு திண்ணையில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போங்கள். உங்களுக்கு வேண்டியவர்கள் வேறு ஆட்கள். கடன் பத்திரத்தில் கைநாட்டு வைத்தவர், பாகப்பிரிவினையில் கிணற்றுப் பங்கை இழந்தவர், சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கப்பல் ஏறியவர், அவர் போன பிறகு நான்கு பிள்ளைகளை வைத்துக்கொண்டு களையெடுக்கப் போனவர்.

பெருமைக்காகத் தேடுகிறவர் முதல் செப்பேட்டோடு நின்றுவிடுவார். கதைக்காகத் தேடுகிறவர் இரண்டு சொந்தக்காரர்கள் முரண்படும் இடத்தில் நிற்க வேண்டும். 'தாத்தா கோபித்துக்கொண்டு போனார்' என்று சித்தப்பா சொல்கிறார். 'ஊர்க்காரங்க துரத்திவிட்டாங்க' என்று அத்தை சொல்கிறார். பத்திரத்தைப் பார்த்தால் அதே வருடம் நிலம் அடமானத்துக்குப் போயிருக்கிறது. மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. உங்கள் நாவல் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே இதைச் செய்ய முடியும். ஆனால் பொழுதுபோக்காக நினைத்தால் பத்து வருடம் ஆனாலும் முடியாது. இன்னொரு வேலையாக நினைத்து, அதற்கென்று கோப்பும் கெடுவும் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் வாய், பிறகு காகிதம்

ஆவணக் காப்பகம் எங்கேயும் ஓடிப்போகாது. தொண்ணூறு வயது பெரியத்தை அப்படி அல்ல. ஆகவே முதல் இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைகள் முழுவதும் பெரியவர்களுக்கு.

'உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க' என்று கேட்காதீர்கள். 'அதுல என்ன இருக்கு, கஷ்டப்பட்டோம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பொருளைக் கேளுங்கள், ஆளைக் கேளுங்கள். 'ஆச்சி, உங்க கல்யாணத்துக்கு யார் யார் வரல?' இந்த ஒரு கேள்வி வம்ச வரைபடத்தையும் அதிலுள்ள விரிசல்களையும் சேர்த்தே கொண்டுவந்து கொட்டும். வீட்டில் யார் முதலில் சாப்பிடுவார்கள், எந்த நகை எந்தச் சமயத்தில் அடகுக்குப் போனது, எந்தத் தெருவழியாக நடக்கக்கூடாது, எந்தக் கிணற்றில் யார் இறங்கக்கூடாது என்று கேளுங்கள். கடைசி இரண்டு கேள்விகளுக்கு வரும் பதில் உங்கள் குடும்பத்துக்குப் பெருமை சேர்க்காமல் போகலாம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பெரியவர்களைத் தனித்தனியாகப் பேச வையுங்கள். இரண்டு பேரை ஒன்றாக உட்கார வைத்தால் சத்தமாகப் பேசுகிறவரின் கதைதான் குடும்பக் கதை ஆகிவிடும். இந்த வீட்டில் பிறந்த ஆண்களைவிட இங்கே வாழ வந்த மருமகள்களுக்கு அதிகம் தெரியும். எதை மறைக்க வேண்டும் என்று சொல்லித்தான் அவர்களை உள்ளேயே விட்டிருப்பார்கள். கைபேசியில் பதிவு செய்வதை முன்கூட்டியே சொல்லி, சம்மதத்தையும் அந்தப் பதிவிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரியவர்கள் ஆங்கில வருடம் சொல்ல மாட்டார்கள். 'ஆனந்த வருஷம் ஆவணியில பொறந்தாரு' என்பார்கள். தமிழ் வருடங்கள் அறுபது ஆண்டுச் சுற்று. ஆனந்த என்றால் 1854, 1914, 1974 ஆகிய மூன்றில் ஒன்று. எது என்பதைப் பிள்ளைகளின் வயதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். தாது வருஷப் பஞ்சம் என்றால் 1876இல் தொடங்கிய பெரும்பஞ்சம். பழைய நில ஆவணங்களில் பசலி ஆண்டு இருக்கும். அதோடு 590ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி ஆண்டு ஜூலையில் தொடங்குவதால் அது இரண்டு ஆங்கில ஆண்டுகளில் பாதிப் பாதியாக விழும். கன்னியாகுமரிப் பக்கத்துக் குடும்பம் என்றால் கொல்லம் ஆண்டு வரும். அதற்கு 825 கூட்டிக்கொள்ளுங்கள், ஒரு வருடம் முன்பின் ஆகலாம்.

கோப்பில் மூன்று பத்திகள் போதும். சொன்னது, காகிதத்தில் உள்ளது, நான் ஊகிப்பது. எந்தத் தகவலும் இவற்றில் ஒன்றில்தான் உட்கார வேண்டும். ஆறு மாதம் கழித்து மூன்றாவது பத்தியில் இருப்பது முதல் பத்திக்கு நைசாக நகர்ந்துவிடும். உங்கள் ஊகத்தையே ஆச்சி சொன்னதாக நம்பத் தொடங்கிவிடுவீர்கள்.

டிரங்குப் பெட்டிக்குள்

வீட்டுக் காகிதங்களில் முதலிடம் பழைய கிரயப் பத்திரத்துக்கு. எல்லோரும் சர்வே எண்ணையும் பரப்பையும் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுவார்கள். அதைக் கதையாசிரியர் படிக்கும் விதமே வேறு. எழுதிக் கொடுப்பவர் எதற்காக விற்கிறார் என்பது பத்திரத்திலேயே இருக்கும். குடும்பச் செலவுக்காக, மகள் கல்யாணத்துக்காக, இன்னாருக்குக் கொடுக்க வேண்டிய புரோநோட்டுக் கடனைத் தீர்ப்பதற்காக என்று காரணம் எழுதியிருப்பார்கள். கடன் கொடுத்தவர் பெயர், அவர் தகப்பனார் பெயர், சாதி, ஊர் எல்லாம் வரும். அடுத்து நான்கெல்லை. வடக்கே யார் நிலம், கிழக்கே எந்த வாய்க்கால் என்பதில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் முழுவதும் வந்து நிற்கும். கிணற்றில் எத்தனையில் எத்தனை பங்கு, கவலை ஏற்றம் இறைக்க எந்த முறை, மரத்தில் யாருக்குப் பாத்தியம், வண்டிப்பாதை யாருடையது என்பது வரை உண்டு. பிறகு சாட்சிகள். ஒரே ஆள் உங்கள் குடும்பத்தின் மூன்று பத்திரங்களில் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அவரை விட்டுவிடாதீர்கள். அவர் ஒரு பாத்திரம். கையெழுத்துக்குப் பதில் இடது கைப் பெருவிரல் ரேகை இருந்தால் அதுவும் ஒரு தகவல். அடுத்த தலைமுறைப் பத்திரத்தில் அதே குடும்பத்தில் கையெழுத்து வந்திருந்தால் நடுவில் ஒரு பள்ளிக்கூடம் வந்திருக்கிறது.

மொய் நோட்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். யாருக்கு யார் உறவு, எந்த ஊரோடு கொள்வினை கொடுப்பினை, எந்த வருடத்தில் யார் செய்முறையை நிறுத்திக்கொண்டார் என்பதெல்லாம் வேறெங்கும் கிடைக்காது. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும் பல தலைமுறைகளுக்குப் பின்னே கொண்டுபோகும். பங்குத்தந்தையிடம் கடிதம் எழுதிக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். குலதெய்வக் கோயிலில் தலைக்கட்டு வரி நோட்டு வைத்திருப்பவரையும் ஒருமுறை பாருங்கள்.

அரசாங்கப் பக்கத்தில் வில்லங்கச் சான்றும் பத்திர நகலும் பதிவுத்துறையில் கிடைக்கும். பழைய காலத்துக்கு உரியவற்றைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத்தான் தேட வைக்க வேண்டும். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மாகாண அரசின் ஆணைகள் துறைவாரியாக, ஆண்டுவாரியாக இருக்கின்றன. அங்கே 'என் பாட்டன் பற்றி ஏதாவது இருக்கிறதா' என்று கேட்டால் யாரும் உதவ முடியாது. 'இந்த வருடம், இந்தத் தாலுகா, வருவாய்த்துறை ஆணைகள்' என்று கேட்டால்தான் வேலை நகரும். அது அலுவலக நாட்களில் மட்டும் திறந்திருக்கும் இடம். எனவே சாதாரண விடுப்பை உதிரியாகச் செலவழிக்காமல் மூன்று நாளாகச் சேர்த்து எடுங்கள். போவதற்கு முன்பே அட்டவணைகளைப் பார்த்து எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊரின் சூழலுக்கு மாவட்டக் கையேடுகள் உதவும். மதுரைக்கு நெல்சன் எழுதியது 1868இலேயே வந்துவிட்டது. துரைமார் பார்வையில் எழுதியவை என்பதை மறக்காமல் படித்தால் போதும். பழைய தமிழ்ப் பத்திரிகைகளுக்கும் மலிவுப் பதிப்புகளான குஜிலி நூல்களுக்கும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். இலங்கைத் தமிழ் வெளியீடுகளுக்கு நூலகம் என்ற பெயரிலேயே இயங்கும் மின்நூலகம்.

கடல் தாண்டியவர்கள்

தமிழ்க் குடும்பங்களில் தோண்டினால் எங்காவது ஒரு கப்பல் வரும். அது எந்தக் கப்பல் என்பதைப் பொறுத்து உங்கள் தேடலும் நாவலின் வடிவமும் மாறும்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர் என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஏறத்தாழ ஒரு லட்சத்து 52 ஆயிரம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்துப் பட்டியலில் ஏற்றினார்கள். ஒரு வரியில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு அல்லது மச்சம், யாரிடம் வேலைக்கு அனுப்பப்பட்டார் என்பதெல்லாம் இருக்கும். ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதி வைத்தது. இன்று அதுவே உங்கள் கொள்ளுப்பாட்டனின் முகத்தை ஓரளவு காட்டுகிறது. இடது புருவத்துக்கு மேல் வெட்டுத்தழும்பு என்று இருந்தால், அந்த வெட்டு எப்படி விழுந்தது என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது. அதைச் சொல்லத்தான் நாவல்.

பெயரை வைத்துத் தேடினால் ஏமாறுவீர்கள். காதில் விழுந்ததை வெள்ளைக்கார குமாஸ்தா தன் இஷ்டத்துக்கு எழுதியிருப்பார். முனியனும் மூணியனும் மன்னனும் ஒரே ஆளாக இருக்கலாம். தாலுகாவையும் தகப்பன் பெயரையும் வயதையும் சேர்த்து வைத்துத் தேடுங்கள். கூடவே, அதே ஊரிலிருந்து அதே கப்பலில் ஏறியவர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தனியாகப் போனாரா, யாரோடாவது போனாரா என்பது கதையையே மாற்றிவிடும். மொரிஷியஸ் என்றால் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் ஒப்பந்தத் தொழிலாளர் ஆவணங்கள் இருக்கின்றன. சிலருக்குப் புகைப்படமே உண்டு. பிஜித் தீவுக்குச் சென்னையிலிருந்து கப்பல் போகத் தொடங்கியது 1903இல். குடும்பத்தில் அதற்கு முந்தைய தேதியைச் சொன்னால் சந்தேகப்படுங்கள்.

இலங்கை மலைநாட்டுக்குப் போனவர் என்றால் கதை வேறு. அங்கே கங்காணி முறை. ஊரிலிருந்தே ஆள் பிடித்து, முன்பணம் கொடுத்து, கூட்டமாகக் கூட்டிப்போய்த் தோட்டத்தில் விட்டார்கள். தனித்தனி ஒப்பந்தம் இல்லாததால் பட்டியலில் தனித்தனி வரியும் இல்லை. காகிதத்துக்குத் தெரிந்ததெல்லாம் கடன். இந்த ஆள் மீது கங்காணிக்கு இவ்வளவு பாக்கி, அதைக் கட்டுகிற தோட்டம் ஆளை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு சீட்டு. அதன் பெயர் துண்டு. துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடையாது. 1921இல் அதை ஒழித்தார்கள். அந்த வருடத்துக்குப் பின்னால் நடக்கும் கதையில் உங்கள் நாயகன் துண்டுக்காகத் தவம் கிடந்தால், விஷயம் தெரிந்த வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

ஆகவே இலங்கைக் குடும்பத்துக்குப் பின்பக்கமிருந்து வாருங்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது என்றும், 3 லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்றும் கணக்குப் போட்டது. ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கியது. இந்தப் பங்கீட்டில் அண்ணன் இங்கும் தம்பி அங்குமாகப் பிரிந்த குடும்பங்கள் ஏராளம். ஊர் திரும்பியவர்கள் கடவுச்சீட்டையும் மண்டபம் முகாமில் கிடைத்த காகிதங்களையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு இன்னும் வைத்திருப்பார்கள். கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் போய்க் கேட்டுப் பாருங்கள். அவற்றில் பிறந்த தோட்டத்தின் பெயர் கிடைத்துவிட்டால், அங்கிருந்து பின்னோக்கிப் போகலாம்.

சொல்வழக்குக்கு இவர்களை விட்டால் வேறு அகராதி இல்லை. பெரட்டுக்களம், செக்ரோல், கணக்கப்பிள்ளை, லயத்துக் காம்பரா, கவ்வாத்து, தலைக்காசு. 'காலை வருகைப் பதிவு நடக்கும் இடம்' என்று எழுதுகிறவரும் 'பெரட்டுக்களம்' என்று எழுதுகிறவரும் ஒரே நாவலை எழுத முடியாது. காசையும் கவனியுங்கள். இந்தியாவில் தசம நாணயம் வந்தது 1957 ஏப்ரல் 1 அன்று. அதுவரை அணாவும் காலணாவும். இலங்கையிலோ பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே ரூபாய்க்கு நூறு சதம். 1930இல் ஊருக்கு வந்த தோட்டத்துக்காரர் தனுஷ்கோடியில் இறங்கியதும் மனக்கணக்கு மாற வேண்டும். அந்தத் தடுமாற்றம் ஒரு பத்திக்கு ஆகும். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு ரயிலோடு இணைந்த கப்பல் ஓடத் தொடங்கியது 1914இல். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது. இந்த இரண்டு தேதிகளுக்கு வெளியே உங்கள் பாத்திரங்களை அந்தத் துறைமுகத்தில் கப்பல் ஏற்றிவிடாதீர்கள்.

மலாயா, சிங்கப்பூர் என்றால் தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் மின்வடிவில் வைத்திருக்கிறது. செய்திகளைவிட விளம்பரங்களையும் மரண அறிவித்தல்களையும் படியுங்கள்.

எப்போது நிறுத்துவது

தேடல் ஒரு போதை. இன்னும் ஒரே ஒரு பத்திரம் என்று வருடங்கள் ஓடும். என் கணக்கு இதுதான்: குடும்பத்தில் யாராலும் பதில் சொல்ல முடியாத, காகிதமும் பதில் சொல்லாத, ஆனால் உங்களைத் தூங்கவிடாத ஒரு கேள்வி கிடைத்துவிட்டால் தேடலை அன்றே நிறுத்திவிடுங்கள். அந்தக் கேள்விதான் நாவல். ஐந்து தலைமுறையையும் ஒரே புத்தகத்தில் திணிக்காதீர்கள். ஒருவர், அவருடைய ஒரு சில வருடங்கள். மற்றவர்கள் அவர் பேச்சில் வந்து போனால் போதும்.

கி. ராஜநாராயணன் கோபல்ல கிராமத்தில் (1976) செய்ததைப் பாருங்கள். தெலுங்கு தேசத்திலிருந்து குடிபெயர்ந்து வந்த கதையை ஆசிரியராக நின்று சொல்லவில்லை. மங்கத்தாயாரு அம்மாள் என்ற முதுபாட்டி வாயில் வைத்தார். பாட்டி சொல்வதால் ஆண்டு, தேதி, சாட்சி எதுவும் கேட்க முடியாது. புராணம் புராணமாகவே இருந்துகொண்டு ஒரு ஊரின் வரலாறாகவும் ஆகிவிடுகிறது. ஆதாரம் போதாத இடத்தில் அதைச் சொல்ல ஒரு ஆளைப் பிடிப்பது நல்ல உத்தி. ப. சிங்காரம் வேறு வழி. இந்தோனேசியாவின் மேடானில் வேலை பார்த்தவர் என்பதால் புயலிலே ஒரு தோணியில் தெருவும் கடையும் வட்டிக்கணக்கும் கைப்பிடித்துக் கூட்டிப்போகின்றன. பி. எச். டேனியல் தேயிலைத் தோட்டத்தில் மருத்துவராக இருந்தவர். அவர் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வந்த நாவல்தான் தமிழில் எரியும் பனிக்காடு. தன் குடும்பக் கதை இல்லாத ஒருவரும் காது கொடுத்தால் எழுத முடியும் என்பதற்கு அது சாட்சி.

எச்சரிக்கைக்கு அலெக்ஸ் ஹேலி. தன் வம்சத்தைச் சொல்லும் அவருடைய ரூட்ஸ் 1976இல் வந்து அமெரிக்காவையே வம்சம் தேட வைத்தது. பிறகு ஹரல்ட் கூர்லாண்டர் என்ற எழுத்தாளர், தன் நாவலிலிருந்து ஹேலி பகுதிகளை எடுத்துக்கொண்டதாக வழக்குப் போட்டார். 1978இல் ஆறரை லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. வம்சாவளி ஆய்வாளர்களும் புத்தகத்தின் ஆவணத் தொடர்பைக் கேள்வி கேட்டார்கள். நாவல் என்று சொல்லிவிட்டால் கற்பனை உங்கள் உரிமை. உண்மை வரலாறு என்று அட்டையில் போட்டால் ஒவ்வொரு வரிக்கும் கணக்குக் கேட்பார்கள். இரண்டிலும் கால் வைக்க ஆசைப்படுகிறவர்கள்தான் விழுகிறார்கள். படித்துக் குறிப்பெடுக்கும்போது எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கம் என்று எழுதிக்கொள்ளும் பழக்கமும் இங்கேதான் காப்பாற்றும்.

சொந்தமும் சட்டமும்

செத்தவர்களைப் பற்றி எதுவும் எழுதலாம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. தவறு. இறந்தவர் உயிரோடு இருந்தால் அவர் பெயரைக் கெடுக்கக்கூடிய, குடும்பத்தார் மனதைப் புண்படுத்தும் நோக்கமுள்ள குற்றச்சாட்டும் அவதூறாகலாம் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு சொல்கிறது. பெயர், தொழில், ஊர் மூன்றில் இரண்டையாவது மாற்றிவிடுங்கள். ஊர், கோயில், சாதி மூன்றும் அடையாளம் தெரிகிற மாதிரி ஒன்றாக வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மாதொருபாகன் இருக்கிறது. பெருமாள்முருகன் எழுதி 2010இல் வந்த நாவல். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நடுவில் எழுந்த எதிர்ப்பால் அவர் எழுதுவதையே நிறுத்தியிருந்தார்.

பழைய கடிதம் உங்கள் பெட்டியில் இருப்பதால் அதை அச்சிடும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. எழுதியவர் இறந்த பிறகும் பதிப்புரிமை அவர் வாரிசுகளுக்கு. பெரியப்பா மக்களிடம் இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் பிரதியைச் சொந்தங்களிடம் படிக்கக் கொடுப்பதா என்று எல்லோரும் கேட்பார்கள். முழுவதையும் கொடுக்காதீர்கள். ஆளுக்கொரு பாட்டனைத் திருத்திக் கேட்பார்கள். பேட்டி கொடுத்தவருக்கு அவர் சொன்ன பகுதியை மட்டும் படித்துக் காட்டினால் போதும்.

அலுவலகமும் காசும்

நாவலை அலுவலக மடிக்கணினியில் எழுதாதீர்கள். நியமனக் கடிதத்தில் நீங்கள் உருவாக்கும் எல்லாம் நிறுவனத்துக்கே என்ற வரி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் மனிதவளத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, இது வேலைக்குத் தொடர்பில்லாத இலக்கியப் பணி என்று பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அரசு ஊழியர்கள் நடத்தை விதிகளில் இலக்கிய எழுத்து பற்றி உள்ளதைப் படித்துவிட்டு மேலதிகாரிக்குத் தெரிவித்துவிடுவது நல்லது.

தமிழ் நாவலுக்குப் பதிப்பாளர்கள் பரவலாகத் தருவது விலையில் பத்து சதவீதம். வீட்டுக்கடன் தவணை கட்ட அது உதவாது. ஆனால் நாவலுக்காகக் கற்றுக்கொண்ட தொழிலுக்குச் சந்தை இருக்கிறது. மணிவிழாவுக்கும் சதாபிஷேகத்துக்கும் குடும்ப வரலாறு போட விரும்புகிறவர்கள், நூற்றாண்டு மலர் போடும் பள்ளிகள், பழைய வணிக நிறுவனங்கள், பூர்வீக கிராமத்தைத் தேடி வரும் டர்பன், பினாங்கு, மொரிஷியஸ் தமிழர்கள். கப்பல் பட்டியலில் சிதைந்து கிடக்கும் ஊர்ப்பெயரைப் படித்து, இன்றைய தாலுகாவைச் சொல்லி, அந்த ஊரில் யாரைப் பார்க்க வேண்டும் என்று கூட்டிப்போகத் தெரிந்தவர்கள் மிகச் சிலர்தான். முதல் வாடிக்கையாளரைப் பிடிக்க உங்கள் சொந்தக் குடும்பத்தைப் பற்றி நாற்பது பக்கத்தில் ஒழுங்காக அச்சிட்ட ஒரு சிறு புத்தகம் போதும். நாவல் முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

கூலிக்கு எழுதும்போது ஒப்பந்தத்தில் நான்கு விஷயம் இருக்கட்டும். எத்தனை பேரைப் பேட்டி எடுப்பது, எத்தனை முறை திருத்தம் செய்து கொடுப்பது, பயணச் செலவு யாருடையது, ஒலிப்பதிவுகள் யாருக்குச் சொந்தம். நீங்கள் கண்டுபிடிக்கும் சங்கடமான தகவலைப் புத்தகத்தில் விடலாம், ஆனால் அதற்கு எதிரான பொய்யை எழுதமாட்டீர்கள் என்பதையும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். பாட்டனைத் தளபதியாக்கித் தரச் சொல்கிற ஆட்கள் அங்கேயே எழுந்து போய்விடுவார்கள். மற்றவர்களிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு பேட்டிக்குத் தேதி குறியுங்கள்.